ஒடித்து எடுத்தார்

போடியில் கோர்ட்டுக்கு எதிர்வரிசையில் ஜோதியின் கடை இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், வாரத்துக்கு ஒருமுறை மக்கர் பண்ணும் ஒரு ஜெராக்ஸ் மெஷின், வக்கீல் குமாஸ்தாக்கள் காத்திருக்க ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். தமிழில் இருக்கும் காகிதத்தை இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. கீழ்க்கோர்ட்டில் எல்லாம் தமிழிலேயே நடந்துவிடும். மதுரைக்கு, மேல்கோர்ட்டுக்கு என்று போகும்போதுதான் பட்டாவிலிருந்து சாட்சி வாக்குமூலம் வரை அத்தனையும் இங்கிலீஷ் சட்டை மாட்டிக்கொண்டு போக வேண்டும். தபாலில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்த ஜோதிக்கு அதில் கை சுத்தம் என்று பெயர். பதினான்கு வருஷத்தில் அவள் பெயர்த்த ஒரு காகிதம்கூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை.

அந்தக் கடைக்குத்தான் ஒரு மார்கழி மாதத்துக் காலையில் அவள் தம்பி யோகராஜின் கேஸ் கட்டு வந்து சேர்ந்தது.

யோகராஜ் ஜீப் டிரைவர். சிலமலையிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கக் கொண்டுபோய் விடுவான். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில், தொட்டி வளைவு என்று சொல்லும் இடத்தில், அவன் வண்டி பின்னால் உருண்டு கீழே காப்பிச் செடிகளுக்குள் கவிழ்ந்தது. உள்ளே பதினாறு பேர். பதினைந்து பேர் அடிபட்டுப் பிழைத்தார்கள். மாயக்காள் என்ற ஐம்பது வயதுக்காரி வண்டிக்கு அடியில் போய்விட்டாள். கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்ததாகக் கீழ்க்கோர்ட்டு அவனுக்கு ஒரு வருஷம் போட்டது. அப்பீலிலும் அது அப்படியே நின்றது. இனி மதுரைதான் கடைசி. அங்கேயும் கைவிட்டால் ஜெயிலுக்குப் போக வேண்டும், லைசென்சும் போய்விடும். வண்டி ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது. அவன் பெண்டாட்டி முத்துப்பிரியா அந்த மார்கழியில் ஏழு மாதக் கர்ப்பிணி.

கூடப் பிறந்தவன் கேஸைக் கூடப் பிறந்தவளே மொழிபெயர்க்கலாமா என்று ஞாயம் கேட்பவர்கள் கேட்கலாம். யோகராஜின் வக்கீல் ஜேசுதாஸ் கேட்கவில்லை.

"ஜோதிம்மா, ஒங்கள விட்டா இதச் சுத்தமா எழுத ஆளு யாரு? சரியான மொழிபெயர்ப்புன்னு கையெழுத்துப் போடப் போறது நானு. நீங்க பாட்டுக்கு எழுதுங்க," என்று கேஸ் கட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நாற்பது பக்கம் வரை ஜோதிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்ஸ்பெக்டர், வண்டியைச் சோதித்தவர், பிணத்தை அறுத்த டாக்டர் என்று எல்லோரும் எல்லா கேஸிலும் சொல்வதையே சொல்லியிருந்தார்கள். இரண்டாம் சாட்சி தமிழ்செல்வியின் வாக்குமூலம் வந்ததும் கை நின்றுவிட்டது. தமிழ்செல்வி செத்துப்போன மாயக்காளின் மகள். ஆத்தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவள். அவள் சொன்னதாக நாலே வரி எழுதியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவனைக் கோர்ட்டுத் தமிழில் எதிரி என்பார்கள்.

'எதிரி எப்போதும் தொட்டி வளைவை ஒரே ஒடியில் எடுப்பார். அன்று மழை. வளைவு வந்ததும் என் அம்மா தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். எதிரி ஒடித்து எடுத்தார். வண்டி பின்னால் போய்விட்டது.'

ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்புவதை டிரைவர்கள் ஒடிப்பது என்பார்கள். தொட்டி வளைவில் எந்த ஜீப்பும் ஒரே ஒடியில் திரும்பாது. முதல் ஒடியில் மூக்கு பாறையில் போய் முட்டும். பிறகு பின்னால் எடுக்க வேண்டும், பின்சக்கரம் பள்ளத்தின் விளிம்புக்கு வரும்வரை. அப்புறம்தான் மறுபடி ஒடித்து மேலே ஏற முடியும். அதனால் அங்கே வண்டியை நிறுத்தி ஆட்களை இறக்கிவிட்டு விடுவது அந்த மலையின் வழக்கம். பெண்கள் ஒற்றையடிப் பாதையில் ஏறி மேலே போய் நின்றுகொள்வார்கள். காலி வண்டி இரண்டு ஒடியில் ஏறி வந்து அவர்களை மறுபடி ஏற்றிக்கொள்ளும்.

யோகராஜ் அதை மாற்றினான். பள்ளத்து ஓரமாகவே வண்டியை அகலக் கொண்டுபோய், வேகம் குறையாமல், ஒரே ஒடியில் பதினாறு பேரோடு மேலே ஏற்றிக் காட்டினான். முதல் நாள் பெண்கள் அலறினார்கள். ஒரு வாரத்தில் கைதட்டினார்கள். அப்புறம் மற்ற டிரைவர்களைப் பார்த்து, எங்க வண்டியில எறங்கி நடக்கிற சோலியெல்லாம் கிடையாதுப்பா என்று கேலி பேசினார்கள். மூன்று வருஷம் அந்த வளைவில் ஒருத்தியும் கீழே கால் வைக்கவில்லை. தம்பியைப் பற்றி அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் ஜோதிக்கும் குளுகுளு என்றுதான் இருந்தது.

ஆகவே 'ஒடித்து எடுத்தார்' என்பதற்கு அவள் சாதாரணமாக ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போகத் தயாராக இல்லை. திருப்பினான் என்று எழுதலாம். மாட்டுவண்டியைக்கூடத்தான் திருப்புகிறார்கள். வளைத்தான் என்று எழுதலாம், கம்பி வளைத்தது மாதிரி இருக்கும். கடைசியில் அவளுக்கு மனூவர் என்ற வார்த்தை வந்தது. எழுத்துக் கூட்டினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், ஆனால் அர்த்தம் கச்சிதம். அகராதியைத் திறந்து பார்த்தாள். 'திறமையும் கவனமும் வேண்டியிருக்கும் ஒரு நகர்வு' என்று போட்டிருந்தது. எப்படி எடுத்தாள வேண்டும் என்று கீழே உதாரணங்கள். பெரிய கப்பலைக் குறுகிய துறைமுகத்துக்குள் கொண்டுவருவதை மனூவர் என்று சொல்லலாம். இரண்டு லாரிக்கு நடுவில் காரை நிறுத்துவதைச் சொல்லலாம். பட்டாளம் அணி மாறுவதைச் சொல்லலாம். ஜோதி அதை டைப் அடித்துவிட்டுத் திரும்பப் படித்துப் பார்த்தாள். தம்பிக்குச் சட்டை தைத்துப் போட்டுப் பார்த்த மாதிரி இருந்தது.

அவளுக்கே கொஞ்சம் உறுத்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒடித்து எடுப்பதில் திறமை உண்டு. கவனம் இருந்ததா இல்லையா என்று அந்தச் சொல் வாய் திறப்பதில்லை. இங்கிலீஷ் வார்த்தையோ திறமையோடு கவனத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறது. கேஸே கவனத்தைப் பற்றித்தான். ஒரே ஒரு வார்த்தையில் தம்பிக்கு இல்லாத ஒன்றை அவள் இங்கிலீஷிலிருந்து வாங்கிக் கொடுக்கிறாள். சரி, திறமையாக ஓட்டுகிறவன் கவனமாகவும்தானே ஓட்டியிருப்பான் என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டாள்.

அதற்கு முந்திய வரிதான் சமாதானம் ஆகவில்லை. அம்மா இரண்டு தட்டு தட்டினார்.

மலை ஜீப்பில் பின்னால் இருப்பவள் கத்தினால் முன்னால் இருப்பவனுக்குக் கேட்காது. இன்ஜின் சத்தம் அப்படி. அதனால் பக்கத் தகரத்தில் தட்டுவார்கள். ஒரு தட்டு தட்டினால் போகலாம். இரண்டு தட்டு தட்டினால் நிறுத்து, இறங்குகிறோம். பஸ்சில் கண்டக்டர் விசிலுக்கு இது நேர் தலைகீழ். பயந்த கை ஒரு தட்டோடு நிற்காது என்று யாரோ முதலில் யோசித்து வைத்திருக்க வேண்டும். ஜோதி பள்ளிக்கூட லீவில் ஆத்தாளோடு மலைக்குக் களை எடுக்கப் போனவள். அவளே எத்தனையோ தரம் இரண்டு தட்டு தட்டி இறங்கியிருக்கிறாள். கீழ்க்கோர்ட்டில் யாரும் அந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம் என்று தமிழ்செல்வியைக் கேட்கவில்லை. கேட்காததை அவளும் சொல்லவில்லை. மலையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எதற்குச் சொல்வானேன் என்று இருந்திருப்பாள்.

ஜோதி தம்பிக்குப் போன் போட்டாள். கேஸ் முடியும்வரை ஆள் ஏற்ற வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருந்ததால் அவன் அப்போது சாணி உரம் லோடு அடித்துக்கொண்டிருந்தான். மத்தியானம் வந்து சேர்ந்தான்.

"என்னக்கா, வெரசா வரச் சொன்ன?"

"டேய், அன்னிக்கு மாயக்கா ரெண்டு தட்டு தட்டுச்சுன்னு தமிழு சாட்சி சொல்லியிருக்கா. ஒனக்குக் கேட்டுச்சா?"

யோகராஜ் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தான். நாலு வருஷத்தில் போலீஸ், வக்கீல், ஜட்ஜ் யாரும் கேட்காத கேள்வி.

"கேட்டுச்சு," என்றான்.

"பெறகு ஏண்டா நிப்பாட்டல?"

"மூணு வருசமா ஏன் வண்டியில ஒருத்தரும் அங்கன எறங்குனதில்லக்கா. முன்சீட்டுல புதுசா வந்த தோட்டத்து மேனேஜரு வேற ஒக்காந்திருந்தாரு. நிப்பாட்டி எறக்கிவிட்டா, யோகராஜுக்குக் கை போயிருச்சும்பாக. ஒரு நிமிசம். எடுத்துரலாம்னு நெனச்சேன்."

"மழடா."

"மழதான்."

அவன் அழுதிருந்தால் ஜோதிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழவில்லை. பெஞ்சின் ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆத்தா செத்த வருஷம் ஒன்பது வயதுப் பையனாக அவள் பக்கத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தான் என்று ஜோதிக்குத் தோன்றியது. தோன்றியிருக்கவே கூடாது.

"நீ எத எழுதணுமோ அத எழுதுக்கா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றான் எழுந்திருக்கும்போது. தப்பிக்கக் கெஞ்சியிருந்தால்கூட அவள் கோபப்பட்டிருப்பாள். அவன் எல்லாவற்றையும் அவள் மடியில் போட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் ஜேசுதாஸ் வந்து எழுதியவரை வாங்கிப் பார்த்தார். அவர் போடியில் ஏலக்காய் வியாபாரம் பண்ணிய குடும்பம். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் கார் உண்டு. ஜீப்பின் பின்பக்கம் அவர் வாழ்நாளில் ஏறியதில்லை.

"பலே, மனூவர்!" என்று பேனாவால் அடிக்கோடு போட்டார். "இந்த ஒரு வார்த்தைல பாதி கேஸ் நிக்குது ஜோதிம்மா. அவங்க சாட்சியே, செத்தவங்க மகளே, திறமையா கவனமாத்தான் ஓட்டுனாருன்னு சொல்லுது. இதுக்கு மேல என்ன வேணும்? ஆமா, இந்த ரெண்டு தட்டு என்னது? மொட்டையா இருக்கே."

ஜோதி மேஜைமேல் இருந்த தாள்களை நேராக அடுக்கினாள்.

"பஸ்சுல ரெண்டு விசில் குடுத்தாப் போகலாம்னு அர்த்தம். அதுதான?"

அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. தெரியாமல் கேட்டார். தெரிந்தவள் அந்தக் கடையில் ஒருத்திதான் இருந்தாள்.

"ஆமா சார்," என்றாள் ஜோதி.

"அப்ப அத வெளக்கமாப் போட்டுருங்க. படிக்கிற ஜட்ஜுக்குப் புரியணும்ல."

அவர் போனபிறகு அவள் அதைப் போட்டாள். வண்டியைச் செலுத்தலாம் என்பதற்கு அடையாளமாக என் தாயார் இரண்டு முறை தட்டினார், அதன்பேரில் ஓட்டுநர் வண்டியை மனூவர் செய்தார். இலக்கணத்தில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. அவள் எழுதியதிலேயே நல்ல வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அதை அடித்துவிட்டு அவள் பின்பக்கம் போய்க் குழாயில் முகம் கழுவினாள். திரும்பி வந்து மறுபடி போய்க் கழுவினாள்.

ஆடி மாதம் தீர்ப்பு வந்தது. விடுதலை. தமிழில் எழுதிய அசல் வாக்குமூலம் அதே கட்டின் பின்னால்தான் கோத்திருந்தது. அதைப் புரட்டினாலும் தட்டுக்கு என்ன அர்த்தம் என்று அதில் இல்லை. முத்துப்பிரியாவுக்கு ஆண் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. யோகராஜ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காள் காலடியில் போட்டான். ஜோதிக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தான்.

"அக்கா, அந்த வார்த்தைய ஒரு சீட்டுல இங்கிலீசுல எழுதிக் குடு."

"எந்த வார்த்தைய?"

"அதான், ஜட்ஜய்யா என்னப் பத்தி எழுதியிருக்காராம்ல. வக்கீலு சொன்னாரு. ஏதோ மனூவருன்னு."

"ஒனக்கு எதுக்குடா அது?"

"வேணும். குடு."

எழுதிக் கொடுத்தாள். இரண்டு நாளில் அது ஜீப்பின் முன்கண்ணாடியில் ஏறிவிட்டது. போடியில் ஸ்டிக்கர் வெட்டுகிற கடையில் கொடுத்து, சிவப்பில் மஞ்சள் கரை போட்டு, சாமி பெயருக்கு மேலே ஒட்டியிருந்தான். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள், என்ன மாப்ளே அர்த்தம் என்று கேட்டால், ஓட்டுறவன் கைக்குக் கோர்ட்டுல குடுக்கிற பட்டம் என்று சொன்னான். அவனுக்குப் பெயரே மனூவர் ஆகிப்போனது. மறுபடி ஆள் ஏற்ற ஆரம்பித்தான். பெண்களும் ஏறினார்கள். அந்தத் தோட்டத்துக்கு அவன் வண்டிதான் போகும் என்பது ஒன்று. கோர்ட்டே சொல்லிவிட்டதே என்பது இன்னொன்று.

புரட்டாசியில் அவன் தொட்டி வளைவை மறுபடி ஒரே ஒடியில் எடுக்கிறான் என்று ஜோதியின் காதுக்கு வந்தது. பிடித்துக் கேட்டாள்.

"எறக்கி விட்டுட்டு எடுடா. ஒன்னயக் கையெடுத்துக் கும்புடுறேன்."

"அட போக்கா. தப்பு எம்மேல இல்லன்னு மதுரையிலேயே சொல்லியாச்சு. மாயக்கா தட்டுனது போகச் சொல்லித்தான்."

"டேய், எங்கிட்டயே சொல்றியா? கேட்டுச்சுன்னு சொன்னவன் நீதான?"

"கேட்டுச்சு, கேக்கலன்னா சொன்னேன்? ஆனா யோசிச்சுப் பாக்கயில எனக்கு இப்ப அப்படித்தான் ஞாபகம் வருதுக்கா. அது போகத்தான் தட்டுச்சு."

அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. முகத்தில் ஒரு கள்ளத்தனமும் இல்லை. குழந்தை மாதிரி நம்பினான். அவள் கோர்ட்டுக்காக எழுதியது அவன் மண்டைக்குள் போய் உட்கார்ந்து, அங்கே இருந்ததை வெளியே தள்ளிவிட்டது. ஜோதிக்கு உடம்பெல்லாம் கூசியது. செத்த மாயக்காளை நினைத்து அல்ல, அன்றைக்குக் காலையில் அந்தக் கண்ணாடி எழுத்துக்குப் பின்னால் ஏறிப்போன பதினாறு பேரை நினைத்து.

அதற்குப் பத்து நாள் கழித்துத் தமிழ்செல்வி கடைக்கு வந்தாள். இருபத்தேழு வயது, நாற்பது மாதிரி இருந்தாள். விபத்தில் இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போய்விட்டது. காயெடுப்பில் மற்றவர்கள் இரண்டு செடி முடிக்கும் நேரத்தில் அவள் ஒன்றுதான் முடிப்பாள். பிளாஸ்டிக் பைக்குள் தீர்ப்பு நகல் வைத்திருந்தாள்.

"சின்னம்மா, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

"இது எப்பிடித்தா ஒங்கிட்ட வந்துச்சு?"

"எங்க பங்காளி ஒருத்தரு கொண்டாந்து குடுத்தாரு. நான் சொன்னத வச்சுத்தான் யோகராஜ் மாமாவ விட்டுட்டாகளாம். ஊரெல்லாம் பேச்சு. எங்கய்யா ரெண்டு மாசமா என்ட்டப் பேச மாட்டேங்குது. பெத்த ஆத்தாளக் காட்டிக் குடுத்தவகிட்ட என்ன பேச்சுன்னு அடுத்தவுககிட்டச் சொல்லுதாம். நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியல. நீ படி."

ஜோதி அந்தப் பக்கத்தை எடுத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். இறந்தவரின் மகளான இரண்டாம் சாட்சியே, தன் தாயார் வண்டியைச் செலுத்தலாம் என்று அடையாளம் காட்டியதாகவும், அதன்பேரில் ஓட்டுநர் வண்டியை மனூவர் செய்ததாகவும் சாட்சியம் அளித்திருக்கிறார்.

"கண்ணாடியில ஒட்டியிருக்கே, அதுவா?"

"அதுதான்."

"அதுக்கு என்ன அர்த்தம் சின்னம்மா?"

ஜோதி இதற்கு முன் எத்தனையோ பேருக்கு எத்தனையோ வார்த்தைக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறாள். இதைச் சொல்லும்போது தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெறமையா, கவனமா, வண்டியத் திருப்புறது."

"கவனமா?" தமிழ்செல்வி அவளையே பார்த்தாள். "கவனமான்னு நான் சொன்னேனா? எங்கம்மா போகச் சொல்லுச்சுன்னு சொன்னேனா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. பயந்து கேட்டாள்.

"கூண்டுல ஏறி நின்னப்ப எனக்கு வெடவெடன்னு வந்துருச்சு சின்னம்மா. அந்த வக்கீலு ஒண்ணு கேக்க, இவரு ஒண்ணு கேக்க, என்ன பேசுனேன்னே ஞாபகமில்ல. பயத்துல வாய் தவறிச் சொல்லிட்டேனோ? நான்தான் கெடுத்துட்டேனா?"

இன்னும் ஒரே ஒரு 'ஆமா' போதும். அவளே ஏற்றுக்கொள்ளத் தயாராக எதிரில் நிற்கிறாள். சொல்லிவிட்டால் தம்பி நிம்மதியாக இருப்பான், கடை நிற்கும், இந்தப் பெண் காலம் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு காயெடுப்பாள். ஜோதி அதையும் நினைத்துப் பார்த்தாள். நினைத்துப் பார்க்கவே இல்லை என்று அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

"நீ அப்பிடிச் சொல்லலத்தா," என்றாள். "அம்மா ரெண்டு தட்டு தட்டுச்சுன்னு மட்டுந்தான் சொன்ன. போகச் சொல்லித் தட்டுச்சுன்னு எழுதுனது நான். கவனமான்னு எழுதுனதும் நான். வக்கீலு கேட்டாரு, தெரிஞ்சேதான் ஆமான்னேன்."

தமிழ்செல்வி தீர்ப்பு நகலை எடுத்துப் பைக்குள் திரும்ப வைத்தாள். வெளியே ஒரு பஸ்சு நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது.

"நீயும் மலைக்கு வந்தவதான சின்னம்மா," என்றாள் பிறகு. அதற்குமேல் வையவில்லை. அடிக்கவில்லை. ஒரு பாட்டம் வைதிருந்தால் ஜோதிக்கு அழவாவது முடிந்திருக்கும்.

ஜோதி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். கோர்ட்டில் படிக்கிறவர்கள் இங்கிலீஷில்தான் படிப்பார்கள் என்பதால் இங்கிலீஷிலேயே அடித்தாள். இந்தத் தடவை அகராதியைத் திறக்கவில்லை. மூணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரிந்த வார்த்தைகளே போதுமாக இருந்தன. எங்கள் மலையில் இரண்டு தட்டு என்றால் நிறுத்து. மாயக்காள் இரண்டு தட்டு தட்டினாள். ஓட்டுநருக்குக் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. முன்பு நான் மாற்றி எழுதினேன், வேண்டுமென்றே எழுதினேன். கீழே பெயரைப் போட்டு, ஓட்டுநரின் அக்காள் என்றும் போட்டுக் கையெழுத்து வைத்தாள். தமிழ்செல்விக்குத் தமிழில் ஒரு தரம் படித்துக் காட்டினாள். தாளை நீட்டினாள்.

தமிழ்செல்வி அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"என்ட்ட எதுக்குத் தர்ற? நான் இத எங்க கொண்டுபோயிக் குடுக்க? எங்கம்மா போகச் சொல்லல. எனக்கு அது தெரிஞ்சுருச்சு. எங்கய்யாகிட்ட நான் சொல்லிக்கிறேன்." பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீ எழுதுனது, நீயே கொண்டுபோயிக் குடு. நாளைக்குக் காயெடுப்பு இருக்கு. அந்த ஜீப்புலதான் நான் போகணும்."

அவள் போய்விட்டாள். பதினோரு மணி வெயிலில் கோர்ட்டு வாசலில் குமாஸ்தாக்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். இந்தத் தாள் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று ஜோதிக்குத் தெரியாதது இல்லை. கேஸ் மறுபடி எடுபடுமோ என்னமோ, அவள்மேல் ஒரு கேஸ் நிச்சயம் வரும். ஜேசுதாஸ் அவளிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். கடைக்கு இனி ஒரு காகிதமும் வராது. முத்துப்பிரியா கைப்பிள்ளையோடு வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றுவாள். எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் தாளைப் பைக்குள் வைத்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தம்பிக்குப் போன் போட்டாள்.

"யோகு, நாளைக்கு வண்டி எடுக்காத."

"ஏன்க்கா, என்ன ஆச்சு?"

"மதுரைக்குப் போறேன். மாயக்கா எதுக்குத் தட்டுச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. குடுக்கப் போறேன்."

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் நின்றது. அவன் வண்டியை அணைத்திருக்க வேண்டும்.

"அத எழுதுனது எவ?" என்றான். "தமிழுக்கு இங்கிலீசு தெரியாதே. எவக்கா அது, நம்ம குடியக் கெடுக்க?"

"நாந்தான்டா," என்றாள் ஜோதி.